குஸ்கோவில் இறங்கியதும் முதலில் பள்ளத்தாக்குக்குப் போங்கள்

மே மாதம் பெரு போகிறீர்கள். நீங்கள் இருவரும், 62 வயது அம்மாவும். கையில் ஏழு நாள். ஸ்பானியர்கள் வருமுன் அங்கே ஆண்ட இன்காக்களின் மலை நகரமான மச்சு பிச்சுவுக்கு இரண்டு நாள் போக, மீதியை அவர்களின் பழைய தலைநகரான குஸ்கோவில் எப்படிக் கழிப்பது, உயரம் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா, சைவம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மச்சு பிச்சுவுக்குள் நீங்கள் இருக்கப்போவது அரை நாள்தான். குஸ்கோவுக்கும் அதன் பள்ளத்தாக்குக்கும் ஏழு நாள் போதாது என்றுதான் திரும்பும்போது சொல்வீர்கள். ஆனால் எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை தப்பினால் அதில் இரண்டு நாள் படுக்கையிலேயே போய்விடும். அதனால் வரிசையிலிருந்தே தொடங்குகிறேன்.

குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரம். லடாக்கின் லே போயிருந்தால் அதே மாதிரிதான். நீங்கள் முதலில் இறங்கும் தலைநகர் லிமாவோ கடற்கரை ஊர். விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கிருந்து தூக்கிவந்து, காற்றழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்த ஓர் இடத்தில் இறக்கிவிடும். உடம்புக்குப் பழக நேரமே கிடைக்காது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது என எல்லாவற்றையும் சேர்த்து அங்கே 'சொரோச்சே' என்பார்கள். நான் முதல் தடவை போனபோது விடுதி அறை தயாராகவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நேரே சாக்சாய்வமான் கோட்டைக்குப் படியேறிப் போனேன். அன்று ராத்திரி முழுக்க வாந்தி. மறுநாள் பள்ளத்தாக்குப் பக்கம் மோராய் என்ற இடத்துக்குப் போக முன்பணம் கட்டியிருந்தேன், அதுவும் போயிற்று. யாரையும் குறை சொல்ல முடியாது, என் அவசரம்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. மச்சு பிச்சு குஸ்கோவைவிடக் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் தாழ்வு. படங்களில் மேகத்துக்கு மேலே நிற்பதுபோல் தெரிவதால் அதுதான் உச்சி என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் 2,430 மீட்டர்தான், நம் தொட்டபெட்டாவே அதைவிட உயரம். இடையில் இருக்கும் உருபாம்பா பள்ளத்தாக்கு, அதாவது 'புனிதப் பள்ளத்தாக்கு', சுமார் 2,800 முதல் 3,000 மீட்டர். எனவே குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் நுழையாமல் ஒரு டாக்ஸி பிடித்து நேரே அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள ஒயாந்தாய்தம்போ போய்விடுங்கள். இரண்டு மணி நேரம் ஆகும். வழியில் சின்செரோ என்ற ஊர்ப் பக்கம் சாலை 3,700 மீட்டரைத் தாண்டும், ஆனால் வண்டியில் கடந்துபோவதால் பெரிதாகத் தெரியாது. அங்கே இரண்டு ராத்திரி, அப்புறம் மச்சு பிச்சு, கடைசியில் குஸ்கோ. அதற்குள் உடம்பு பழகியிருக்கும்.

முதல் நாள் எதுவும் பார்க்க வேண்டாம். சூப் குடித்துவிட்டுத் தூங்குங்கள். உயரம் ஒத்துக்கொள்ள அசெட்டசோலமைடு மாத்திரை பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையோ சல்ஃபா மருந்து ஒவ்வாமையோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. விடுதிகளில் கோக்கா இலைத் தேநீர் வைத்திருப்பார்கள். அந்த ஊரில் அது சட்டப்படி சரி, நம் சுக்குக் காப்பி மாதிரி அன்றாட விஷயம். ஆனால் ஓர் இலையோ ஒரு தேநீர்ப் பையோகூட பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவராதீர்கள், அது போதைப்பொருள் வழக்கில் கொண்டுபோய் விடும். வேலையில் மருந்துப் பரிசோதனை இருப்பவர்கள் குடிக்காமல் இருப்பதே நல்லது, சோதனையில் காட்டிக்கொடுக்கும். அம்மாவுக்கு 'முன்யா' என்ற மூலிகைத் தேநீர் கேளுங்கள். புதினா வாசனை, தொந்தரவில்லாதது.

இப்போது ஒயாந்தாய்தம்போ. பெரும்பாலோர் இதை ரயில் ஏறும் ஸ்டேஷனாக மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள், எனக்கு அது வயிற்றெரிச்சல். இன்காக்கள் போட்ட தெரு அமைப்பில் இன்றும் மக்கள் குடியிருக்கும் ஊர் இது. கல் பாவிய குறுகலான சந்துகள், ஓரமாக ஓடும் வாய்க்கால், அதில் மலைத் தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டே இருக்கும். வாசலுக்குள் எட்டிப் பார்த்தால் முற்றம், முற்றத்தைச் சுற்றி வீடுகள். இரண்டாம் நாள் காலை சுற்றுலாக் கூட்டத்தின் வண்டிகள் வருவதற்கு முன்னால் கோட்டைக்கு ஏறுங்கள். அம்மா பாதி அடுக்கு ஏறினாலே போதும், பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும்.

மேலே ஆறு பெரிய கற்பலகைகள் வரிசையாக நிற்கின்றன. பெரியது ஐம்பது டன்னுக்கு மேல் இருக்கும். இவற்றை வெட்டியது இந்த மலையில் இல்லை. ஆற்றுக்கு எதிர்க்கரை மலையில் கச்சிகாட்டா என்ற இடத்தில் வெட்டி, சரிவில் இறக்கி, ஆற்றைத் தாண்டி, இந்தப் பக்கம் மேலே ஏற்றியிருக்கிறார்கள். சக்கர வண்டியும் இல்லை, மாடோ குதிரையோ இல்லை, இரும்பும் இல்லை. கயிறு, சாய்தளம், ஆள்பலம் அவ்வளவுதான். வந்து சேராமல் வழியிலேயே கிடக்கும் கற்களுக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'களைத்துப்போன கற்கள்'. 1537-இல் இன்கா அரசர் மான்கோ இன்கா இங்கிருந்துதான் ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ பிசாரோவின் குதிரைப் படையைத் திருப்பி அனுப்பினார். ஆற்றுநீரை வாய்க்கால்களில் திருப்பி, கீழே இருந்த சமவெளியை வெள்ளக்காடாக்கினார், குதிரைகள் சேற்றில் திணறின. ஸ்பானியர்களை இன்காக்கள் நேருக்கு நேர் மோதி விரட்டிய மிகச் சில இடங்களில் இது ஒன்று.

மூன்றாம் நாள் மோராயும் மராஸும். இரண்டும் சேர்த்து ஒரு டாக்ஸி, அரை நாள். மோராயில் வட்ட வட்டமாகப் படிப்படியாக இறங்கும் வயல்கள், பெரியது முப்பது மீட்டர் ஆழம் வரும். ஒவ்வொரு படியிலும் வெப்பம் கொஞ்சம் வேறுபடுவதால் இன்காக்கள் பயிர்களைச் சோதித்துப் பார்த்த பண்ணை இது என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். நல்ல ஊகம்தான், நிரூபணம் கிடையாது. மராஸ் இன்னும் விசேஷம். உப்பளம் என்றதும் நமக்குக் கடற்கரை ஞாபகம் வரும். இது 3,000 மீட்டருக்கு மேலே ஒரு மலை இடுக்கில் இருக்கிறது. மலைக்குள்ளிருந்து உப்பு நீர் ஊற்று ஒன்று வெதுவெதுப்பாக வருகிறது, அதைச் சிறு வாய்க்கால்களில் பிரித்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திகளில் பாய்ச்சுகிறார்கள். பாத்திகள் அந்த ஊர்க் குடும்பங்களுக்குச் சொந்தம், பிள்ளைகளுக்கு வழிவழியாகப் போகும். இன்காக்களுக்கும் முந்திய தொழில் இது. மழைக்காலத்தில் போனால் சேற்று நிறத்தில் இருக்கும், மே மாதம் வெளுக்கத் தொடங்கியிருக்கும்.

இதே பள்ளத்தாக்கில் பிசாக் என்ற ஊரும் நன்றாகவே இருக்கிறது, ஆனால் உங்கள் ஏழு நாளில் அதை விட்டுவிடலாம். சின்செரோவில் நெசவு காட்டுவார்கள். கள்ளிச் செடியில் வளரும் ஒரு பூச்சியை உள்ளங்கையில் நசுக்கி ரத்தச் சிவப்பு எடுத்து, அதில் எலுமிச்சை பிழிந்து நிறத்தை மாற்றிக் காட்டுவார்கள். பார்க்க அழகு. முடிவில் சால்வை விற்பார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலமே ரயில். ஒயாந்தாய்தம்போவிலிருந்து மச்சு பிச்சு அடிவாரத்து ஊரான அகுவாஸ் கலியெந்தெஸ் வரை இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். அந்த ஊருக்குச் சாலை கிடையாது. ரயிலில் சிறு பைதான் அனுமதி, பெரிய பெட்டிகளை விடுதியிலேயே விட்டுவிட்டுப் போங்கள், எல்லா விடுதியிலும் பழக்கப்பட்ட விஷயம். காலையில் பஸ் அரை மணி நேரம் வளைந்து வளைந்து ஏறி மச்சு பிச்சு வாசலில் விடும்.

மச்சு பிச்சு டிக்கெட்டில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இப்போது இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. மூன்று சுற்றுகள் வைத்திருக்கிறார்கள், நேரமும் சுற்றும் டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும், உள்ளே போனபின் மாற்ற முடியாது. முதல் சுற்று மேலிருந்து படம் எடுக்க, ஊருக்குள் விடாது. இரண்டாவதில் அந்தப் பிரபலமான காட்சியும் உண்டு, இடிபாடுகளுக்குள் நடக்கவும் செய்யலாம், முதலில் தீர்ந்துபோவதும் அதுதான். மூன்றாவது கீழ்ப்பகுதி, படி குறைவு. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அவருக்கு மூன்றாவதை எடுங்கள். இல்லையென்றால் மூவருக்கும் இரண்டாவது. விமான டிக்கெட் உறுதியானதும் அடுத்த வேலையாக, அரசின் அதிகாரபூர்வத் தளத்திலேயே வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எண்ணும் அப்படியே இருக்க வேண்டும், அசலைக் கையில் கொண்டுபோக வேண்டும். நம் பெயர்களில் இனிஷியல் குழப்பம் இருப்பதால் இதைச் சொல்கிறேன். உள்ளே கழிப்பறை இல்லை. வாசலுக்கு வெளியே இருப்பதைப் பயன்படுத்திவிட்டுப் போங்கள்.

அதன் சரித்திரத்தை வழிகாட்டி சொல்வார். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1911-இல் ஹைராம் பிங்கம் என்ற அமெரிக்கர் அதைக் 'கண்டுபிடித்தபோது' அங்கே விவசாயக் குடும்பங்கள் குடியிருந்தன. அதற்கு ஒன்பது வருஷம் முன்பே அகுஸ்தீன் லிசாராகா என்ற உள்ளூர்க்காரர் சுவரில் கரியால் தன் பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தார். பிங்கம் தோண்டி யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன பொருள்கள் ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து, பெரிய சண்டைக்குப் பிறகுதான் பெருவுக்குத் திரும்பின. அவற்றைப் பார்க்க மச்சு பிச்சுவில் தேடாதீர்கள். குஸ்கோவில் காசா கோன்ச்சா என்ற பழைய மாளிகையில் இருக்கின்றன.

நாலாம் நாள் ராத்திரி குஸ்கோ வந்து சேர்வீர்கள். தெருவெல்லாம் வானவில் கொடி பறப்பதைப் பார்த்து வேறு மாதிரி நினைத்துக்கொள்ளும் பயணிகள் உண்டு. அது குஸ்கோ நகரத்தின் கொடி.

முதல் காலை ஆதுன் ருமியோக் தெருவில் நடங்கள். 'பெரிய கல் தெரு' என்று பொருள். ஒரு பக்கம் முழுக்க இன்கா ரோகா என்ற அரசரின் அரண்மனைச் சுவர், அதன் மேலே இப்போது பேராயர் மாளிகை உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டு மூலை உள்ள கல் இங்கேதான், ஆட்கள் வரிசையில் நின்று படம் எடுப்பார்கள். 2025 பிப்ரவரியில் ஓர் ஆள் சுத்தியலால் அடித்து அதைச் சேதப்படுத்தினான், தழும்பு தெரியும். என்னைக் கேட்டால் அந்த ஒரு கல்லில் நின்றுவிடாதீர்கள். சுவர் முழுக்கவே அதிசயம்தான். சாந்து கிடையாது, ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லுக்கென்று தேய்த்துப் பொருத்தியது. சுவர் லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கும். வாசல்கள் கீழே அகலம், மேலே குறுகல். நிலநடுக்க நாட்டில் இந்த மூன்றும் சேர்ந்துதான் சுவரைக் காப்பாற்றியிருக்கின்றன. ஒட்டியுள்ள சந்தில் ஒருபக்கம் இன்கா சுவரும் எதிர்ப்பக்கம் பின்னாளில் கட்டிய கோணல் சுவரும் இருக்கும். அங்கே வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் ஜோக்: "இது இன்காஸ் கட்டியது, அது இன்கபாஸெஸ் கட்டியது." ஸ்பானிய மொழியில் அந்த இரண்டாவது சொல்லுக்கு 'துப்பில்லாதவர்கள்' என்று அர்த்தம்.

அதே கதையைப் பெரிய அளவில் சொல்லும் இடம் கோரிகாஞ்சா, இன்காக்களின் சூரியக் கோயில். சுவரில் தங்கத் தகடு பதித்திருந்தார்கள். 1533-இல், சிறைபட்டிருந்த இன்கா அரசர் அதாவால்பாவை மீட்கும் பணயத் தொகைக்காக ஸ்பானியர்கள் வந்து எழுநூறு தகடுகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பிறகு அதே அடித்தளத்தின் மேல் டொமினிக்கன் துறவிகளின் மடம் எழுந்தது. 1650-இலும் 1950-இலும் பெரிய நிலநடுக்கங்கள். 1950-இல் மடம் பலமாகச் சேதமடைந்து மேல்பூச்சு விழுந்தபோது, உள்ளே மறைந்திருந்த இன்கா அறைகள் அலுங்காமல் வெளியே தெரிந்தன. இந்தக் கோயிலை மையமாக வைத்து 41 கற்பனைக் கோடுகள் நாலு திசையிலும் போயின. அவற்றின்மேல் 328 புனித இடங்கள் இருந்தன. ஊற்று, பாறை, குன்று என ஒவ்வொன்றையும் பராமரிக்க ஒவ்வொரு குழு இருந்தது. ஊரே ஒரு கோயில் மாதிரி என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும்.

பெரிய சதுக்கத்தில் சாயங்காலம் சும்மா உட்காருங்கள். இன்கா காலத்தில் கடற்கரையிலிருந்து மணலைச் சுமந்துவந்து இதன் தரையில் பரப்பியிருந்தார்கள். எத்தனை மலை தாண்டி என்று யோசித்துப் பாருங்கள். கடைசி இன்கா அரசரான தூபாக் அமாருவை 1572-இல் தலை வெட்டியது இங்கே. அவர் பெயரையே சூடிக் கலகம் செய்த இரண்டாம் தூபாக் அமாருவையும், அவர் மனைவி மிகாயெலா பாஸ்திதாஸையும் 1781-இல் கொன்றதும் இங்கேதான். ஓரத்தில் நிற்கும் பேராலயத்துக்குள் மார்க்கோஸ் சப்பாத்தா வரைந்த இயேசுவின் கடைசி விருந்து ஓவியம் இருக்கிறது. மேசை நடுவில் தட்டில் மல்லாந்து கிடப்பது வறுத்த கினிப்பன்றி. அந்த ஊர் விசேஷச் சாப்பாட்டை ஓவியர் அப்படியே யூதேயாவுக்கு ஏற்றுமதி செய்துவிட்டார்!

மறுநாள் சாக்சாய்வமான். என்னைப்போல் படியேறாமல் டாக்ஸியில் மேலே போய், திரும்பும்போது சான் பிளாஸ் பேட்டை வழியாக இறங்கி நடந்து வாருங்கள். மூன்று அடுக்கில் ரம்பப் பல் மாதிரி வளைந்து போகும் மதில், சில கற்கள் நூறு டன்னைத் தாண்டும். இப்போது நிற்பது மிச்சம்தான். நகர்த்த முடிந்த கற்களையெல்லாம் ஸ்பானியர்கள் கீழே உருட்டிக் கொண்டுபோய்ப் பேராலயமும் வீடுகளும் கட்டிக்கொண்டார்கள். நகர்த்த முடியாதது மட்டும் தப்பித்தது.

டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. 'போலேத்தோ துரீஸ்திகோ' என்ற பொதுச் சீட்டு 130 சோல் (பெரு நாணயம்), பத்து நாள் செல்லும், பதினாறு இடங்களுக்கு. ஒயாந்தாய்தம்போ, மோராய், சாக்சாய்வமான், சின்செரோ, தீபோன் எல்லாம் அதில் அடக்கம். மராஸ், பேராலயம், கோரிகாஞ்சாவின் உட்பகுதி, மச்சு பிச்சு ஆகியவற்றுக்குத் தனித்தனியாகக் காசு.

ஏழாம் நாள் என்று எல்லாரும் வானவில் மலைக்கு ஆசைப்படுவார்கள். வேண்டாம். அது 5,000 மீட்டருக்கு மேல், விடியுமுன் கிளம்ப வேண்டும், அம்மாவால் ஆகாது. படத்தில் காணும் நிறத்தில் பாதி கைபேசியின் உபயம். அதற்குப் பதில் தெற்குப் பள்ளத்தாக்குக்குப் போங்கள், கூட்டமே இருக்காது. தீபோனில் இன்கா வாய்க்கால்களில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. வழியில் ஒரோபேசா என்ற ஊரில் தட்டு அகலத்துக்கு ரொட்டி சுடுவார்கள், சூடாக வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தவாய்லீயாஸ் கிராமத்துச் சிறு தேவாலயம். வெளியே பார்த்தால் சாதாரண மண்சுவர், உள்ளே கூரை முதல் தரை வரை ஓவியமும் பொன்முலாமும். ஞானஸ்நான அறை வாசலைச் சுற்றி ஞானஸ்நான மந்திரத்தை லத்தீன், ஸ்பானியம், கெச்சுவா, அய்மாரா, புகீனா என ஐந்து மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். இதில் புகீனா இன்று பேச ஆளில்லாமல் அழிந்துவிட்டது. எனக்கு மொத்தப் பயணத்திலும் மனதில் தங்கிய இடம் இந்த வாசல்தான்.

சாப்பாடு. உருளைக்கிழங்கு பிறந்த மலைகள் இவை, அதனால் பட்டினி கிடக்க மாட்டீர்கள். கீனோவா சூப், பெரிய மணி மக்காச்சோளம் வேகவைத்து மேலே ஒரு துண்டு பாலாடைக்கட்டி, ரொகோத்தோ மிளகாய்த் துவையல். அந்தத் துவையல் நம் நாக்குக்கே காரம். சிக்கல் எங்கே என்றால், 'கறி வேண்டாம்' என்ற பொருளில் 'சின் கார்னே' என்று சொன்னால் கோழி வந்து நிற்கும். அவர்கள் கணக்கில் கார்னே என்பது மாட்டிறைச்சி. கோழி 'போயோ', மீன் 'பெஸ்காதோ', இரண்டுக்கும் முன்னால் 'சின்' போட்டுச் சொல்லுங்கள். சூப்பில் கோழி வேகவைத்த தண்ணீர் இல்லையே என்று தனியாகக் கேட்கவும் வேண்டும். குஸ்கோ நகருக்குள் சைவ உணவகங்கள் தாராளமாக இருக்கின்றன. பள்ளத்தாக்கில்தான் கொஞ்சம் யோசனை, அங்கே இருக்கும் மூன்று நாளுக்குக் கையில் புளியோதரைப் பொடியும் வறுத்த கடலையும் இருந்தால் அம்மா நிம்மதியாக இருப்பார். எதை வேகவைத்தாலும் நேரமாகும், தண்ணீர் அந்த உயரத்தில் 90 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், சோறு சற்று விறைப்பாகவே வரும்.

மே மாதம் நல்ல தேர்வு. மழை விட்டிருக்கும், மலைகளில் பச்சை இருக்கும், ஜூன் 24 இன்டி ராய்மி திருவிழாக் கூட்டம் தொடங்கியிருக்காது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இருட்டினால் பற்கள் கிட்டிக்கும். ஸ்வெட்டர் மட்டும் போதாது, தொப்பியும் வெயில் களிம்பும் வேண்டும்.

கடைசியாகக் காகித வேலை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பெரு விசா வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் இவற்றில் ஏதாவது ஒரு விசா குறைந்தது ஆறு மாதம் மிச்சத்தோடு இருந்தால் விலக்கு உண்டு. புறப்படுமுன் தூதரகத்தில் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். விசாவைவிட அதிகம் பேர் மறப்பது மஞ்சள் காய்ச்சல் ஊசி. குஸ்கோ நகரத்தில் அந்த நோய்ப் பயம் கிடையாது. ஆனால் பெரு இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இருப்பதால், சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே விமான நிலையத்தில் நிறுத்தி ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு அபாயம் சற்று அதிகம் என்பதால், டிக்கெட் போடுவதற்கு முன்பே அம்மாவை அவருடைய டாக்டரிடம் ஒரு முறை அழைத்துப்போய்விடுங்கள்.